மல்லிகாவுக்கு, யூரோ கணக்கு விஷயமாக

கரூர்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முட்டிவலி தேவலை. தையல் கூடத்துப் பக்கம் ஒரு நடை போய் எல்லோரையும் அதட்டிவிட்டு வருகிறார். சாந்தி மகளுக்கு வளைகாப்பு என்று உனக்கும் சொல்லியிருப்பாள். புடவை எடுக்க மட்டும் அவளோடு போய்விடாதே, அந்தச் சேலம் கதை போதும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். விடுதி நாளிலிருந்து நீ என்னை ஒரு வாக்கியம் முழுசாகப் பேசவிட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை உன் கொழுந்தனார் வேலை பார்க்கும் வங்கியில் கையெழுத்துப் போடப்போவதாகச் சொன்னாய். டாலர் கணக்கு, சரக்கு அனுப்புமுன் தரும் பேக்கிங் கிரெடிட் கடன், அதற்கு அடமானமாகத் தென்னந்தோப்புப் பத்திரம், எல்லாம் ஒரே கட்டாக. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

ரோட்டர்டாம் ஆர்டர் வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். மஞ்சி மில்லில் தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சும் தூளைக் கேட்பாரில்லாமல் ரோட்டோரம் மலை மலையாகக் குவித்து வைத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதே தூளைக் கழுவி, உப்பு நீக்கி, காயவைத்து, ஐந்து கிலோ கட்டியாக அழுத்தினால் ஐரோப்பாவில் பசுமைக்குடில் தக்காளிக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வெள்ளை ஈயும் வாடல் நோயும் உன் தோப்பைப் படுத்திய பாட்டுக்கு நடுவில் நீயும் கார்த்தியும் இதைச் செய்துகாட்டியிருக்கிறீர்கள். அண்ணன் இருந்து பார்த்திருக்க வேண்டும். அதனால்தான் இந்தக் காசு உன் கைக்கு வரும் வழியில் எங்கேயும் கசியக்கூடாது என்று இவ்வளவு பதறுகிறேன்.

முதலில் கார்த்திக்கு ஒன்று சொல்ல வேண்டும். டாலரை வாங்கிக் கணக்கிலேயே வைத்திருப்போம், விலை ஏறியதும் மாற்றுவோம் என்கிறானாம். அந்தக் கணக்கில் அது முடியாது. வங்கிக்காரர்கள் இ.இ.எஃப்.சி. என்று சொல்வது ஏற்றுமதியாளர் சம்பாதித்த அந்நியப் பணத்தை அந்நியப் பணமாகவே வைக்கும் நடப்புக் கணக்கு. வந்த தொகை முழுவதையும் அதில் போடலாம். வட்டி கிடையாது. அதைக் காட்டிக் கடனும் வாங்க முடியாது. ஒரு மாதத்தில் சேர்ந்த தொகையில் செலவும், முன்கூட்டி ஒப்புக்கொண்ட கொடுக்கல்களும் போக மீதியை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் ரூபாயாக மாற்றியே ஆக வேண்டும். ஜூன் 3-ஆம் தேதி வந்தாலும் ஜூன் 29-ஆம் தேதி வந்தாலும் கெடு ஜூலை 31தான். இடைப்பட்ட அந்தச் சில வாரம் மட்டும்தான் உன் கையில்.

அதுவும் நிரந்தரம் என்று நினைக்காதே. 2012 மே மாதம் ரூபாய் சரிந்துகொண்டிருந்தபோது, இந்தக் கணக்குகளில் இருப்பதில் பாதியை உடனே ரூபாயாக்கு என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. ஜூலையில்தான் தளர்த்தினார்கள், இந்த அடுத்த மாதக் கெடுவோடு. மறு வருஷம் ஆகஸ்ட் 28-ஆம் தேதி டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. எங்கள் தெருவில் ஒருவர், எழுபதுக்குப் போகட்டும் என்று காத்திருந்தார். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் 62 பக்கம் வந்து நின்றது. கூலி கொடுக்க வேண்டிய பணம் அது. கார்த்தி புத்திசாலிப் பையன், ஆனால் நார்த்தூள் வியாபாரமும் டாலர் வியாபாரமும் ஒன்றாகச் செய்யாதே என்று நான் சொன்னதாகச் சொல்.

அப்படியானால் இந்தக் கணக்கு எதற்கு? உனக்கு அந்நியப் பணத்தில் செலவு இருந்தால் அது அருமையான கணக்கு. எனக்கு இருக்கிறது. ஜெர்மனி ஏஜென்டுக்கு கமிஷன் யூரோவில், ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட் ஹெய்ம்டெக்ஸ்டில் ஜவுளிக் கண்காட்சி ஸ்டால் வாடகை யூரோவில். பையர் அனுப்பும் யூரோவில் ஒரு பங்கை அப்படியே நிறுத்திவைத்து அதிலிருந்து கட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் வரும்போது ஒரு விலைக்கு விற்று, கட்டும்போது அதைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கி, இரண்டு பக்கமும் வங்கிக்கு அழ வேண்டும். உனக்கும் அப்படி வரும். நெதர்லாந்துக்காரர்கள் செடி வளர்க்கும் தூளுக்கான ஆர்.எச்.பி. தரச்சான்று கேட்பார்கள், அதற்கான கட்டணம், ஆய்வுக்கூடச் செலவு, பின்னால் ஒரு ஏஜென்ட். ஆனால் இந்த வருஷம் எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் எழுதிப் பார். ஒன்றுமே இல்லையென்றால் சாதாரண நடப்புக் கணக்கில் ரூபாயாக வாங்கிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. கணக்கைப் பிறகு திறந்துகொள்ளலாம்.

இன்னொன்று. உன் பையர் யூரோவில்தானே பணம் தருகிறார்? பிறகு ஏன் டாலர் கணக்கு? யூரோவை டாலராக்கி, டாலரை ரூபாயாக்கினால் இரண்டு தடவை வெட்டு விழும். இன்வாய்ஸ் எந்தப் பணத்திலோ கணக்கும் அந்தப் பணத்தில் இருக்க வேண்டும். அமெரிக்கப் பையர் வரும்போது டாலர் கணக்கு திறந்துகொள். உன் கொழுந்தனார் இதைக் கேட்கவே இல்லை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. மனுஷன் தங்கமானவர், கல்யாணத்தில் பந்தி பார்த்ததை மறக்க முடியுமா. ஆனால் அவர் கிளையில் இதுவரை எத்தனை ஷிப்பிங் பில், ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் கொடுக்கும் தாள், பார்த்திருப்பார்கள்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இதைக் கவனமாகப் படி.

கணக்கு திறக்கக் கட்டணம் எவ்வளவு, குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறோம். போவது அங்கே இல்லை. பணம் மாற்றும் விலையில் போகிறது. வங்கிகள் காலையில் ஒரு விலைப்பட்டியல் போடுவார்கள், கார்டு ரேட் என்பார்கள். வங்கிகளுக்குள் விற்று வாங்கும் விலை, இன்டர்பேங்க் ரேட், வேறு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அவர்கள் மார்ஜின். நீ வாய் திறக்காவிட்டால் கார்டு ரேட்தான் விழும். ஒரு கன்டெய்னர் 6,000 யூரோ என்று வைத்துக்கொள். யூரோவுக்கு ஒரு ரூபாய் மார்ஜின் என்றால் 6,000 ரூபாய் போயிற்று. மாதம் ஒரு கன்டெய்னர் அனுப்பினால் வருஷத்துக்கு 72,000. பேசி 20 பைசாவுக்குக் கொண்டுவந்தால் 14,400-தான் போகும். மிச்சம் 57,600. அதில் ஒருத்தருக்குப் பல மாதக் கூலி இருக்கிறது, மல்லிகா. இதற்கு யாரும் பில் தருவதில்லை. வரவு வைத்த சீட்டில் ரேட் என்று ஒரு எண் இருக்கும், அது நல்ல விலையா கெட்ட விலையா என்று நமக்குச் சொல்ல ஆள் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

அதனால் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இன்டர்பேங்க் ரேட்டிலிருந்து எத்தனை பைசா எடுப்பீர்கள்? எழுத்தில் கொடுங்கள். ‘நல்ல ரேட் தருவோம் மேடம்’ என்பதை ஏற்காதே. எஃப்.எக்ஸ். ரீடெய்ல் என்று ஒரு தளம் இருக்கிறது, கிளியரிங் கார்ப்பரேஷன் நடத்துவது, 2019-இலிருந்து உண்டு. அதில் டாலரின் சந்தை விலை உன் கண் முன்னால் ஓடும், வங்கி அதன்மேல் தன் மார்ஜினைத் தனியாகக் காட்டி எடுக்கும். உன் வங்கி உன்னை அதில் சேர்த்துவிடுமா, யூரோவுக்கும் அது உண்டா என்று கேள். முகம் கோணினால் அதுவே ஒரு பதில்.

பணம் மாற்றும்போது ஜி.எஸ்.டி. வேறு உண்டு. 6 லட்ச ரூபாய் அளவுக்கு மாற்றினால் 630 ரூபாய். எல்லா வங்கியிலும் ஒரே கணக்குதான், அதற்காக அலையாதே. பையர் அனுப்பியதில் இருபது முப்பது யூரோ குறைந்து வந்தால் இடையில் இருக்கும் வங்கி எடுத்திருக்கும். அனுப்பும் செலவை யார் ஏற்பது என்று பையரிடம் முன்பே பேசி இன்வாய்ஸில் எழுதிவிடு.

அப்புறம் ஏ.டி. கோடு, உன் வங்கியைச் சுங்கத்துக்கு அடையாளம் காட்டும் எண். துறைமுகத்தில் எந்த வங்கியின் கோடைப் பதிகிறாயோ, உன் ஷிப்பிங் பில் விவரம் சுங்கத்திலிருந்து அந்த வங்கிக்குத்தான் போய் உட்காரும். பணம் வேறு வங்கிக்கு வந்தால் இரண்டையும் சேர்த்துவைக்கக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுத வேண்டியிருக்கும். சேராதவரைக்கும் நீ பணமே வாங்காத மாதிரி கணக்கில் நிற்கும். ஆக, சரக்குக்குப் பணம் வருகிற வங்கியும் கோடு பதிகிற வங்கியும் ஒன்றாக இருக்கட்டும். தூத்துக்குடி, கொச்சி இரண்டு வழியாகவும் அனுப்புவாய் என்றால் இரண்டு இடத்திலும் பதிந்துகொள்.

வங்கியைவிட அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர் முக்கியம். இந்தக் கிளையிலேயே அந்நியச் செலாவணி பார்க்கிறீர்களா, கோயமுத்தூருக்கு அனுப்புவீர்களா? கோயமுத்தூருக்கு அனுப்பினால் அங்கே யாரிடம் நான் பேசுவது? பணம் வந்த தகவலை எத்தனை நாளில் டி.ஜி.எஃப்.டி., அதாவது அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின், தளத்துக்கு ஏற்றுவீர்கள்? 2023 கடைசியிலிருந்து, பணம் வந்ததற்கான மின்னணுச் சான்றான இ-பி.ஆர்.சி.யை நாமே சான்றளித்து எடுத்துக்கொள்கிறோம், ஆனால் வங்கி தகவல் ஏற்றாவிட்டால் அங்கே எடுக்க ஒன்றும் இருக்காது. முன்பணம் வந்தால் எந்த நோக்கக் குறியீடு போடுவீர்கள் என்றும் கேட்டுவை. சரக்குக்கு முன்பணம் என்றால் பி 0103. தயங்காமல் சொல்கிறவரிடம் கணக்கு திற. பெரிய வங்கி, சின்ன வங்கி, கண்ணாடிக் கட்டிடம், இதெல்லாம் அப்புறம்.

சாம்பிள் பார்சலுக்கு நூறு இருநூறு யூரோ வாங்க இப்போது ஆன்லைன் கம்பெனிகள் ஐரோப்பிய கணக்கு எண் மாதிரி ஒன்று தருகிறார்கள். சின்னத் தொகைக்கு அது சௌகரியம். ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் அவர்களுக்கும் விதி வகுத்துவிட்டது. அனுமதி பெற்றவர்களா என்று மட்டும் பார். வெளிநாட்டிலேயே கணக்கு வைத்து வரவு வாங்கலாம் என்று 2025 ஜனவரியில் வழி திறந்தார்கள். அது உன் அளவுக்கு இப்போது வேண்டாம்.

வேறொரு வங்கியிலும் ஒரு சாதாரண நடப்புக் கணக்கு வைத்துக்கொள். 2020 நவம்பரில் எங்கள் ஊரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. டி.பி.எஸ். வங்கியோடு இணைத்ததும் பத்து நாளில் நீங்கிவிட்டது. ஆனால் சனிக்கிழமை கூலி பத்து நாள் காத்திருக்காது.

கடைசியாகத் தோப்பு. மல்லிகா, யூரோ கணக்கு திறக்க எந்தப் பத்திரமும் தேவையில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி உன் முன்னால் வைப்பது அவர்கள் வசதிக்கு. கணக்கை முதலில் திற, கடனைத் தனியாகப் பேசு. சிறு தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் என்றால் சிறு தொழில் கடனுக்கு உத்தரவாதம் தரும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. நிதியின் உத்தரவாதத்தில் தரச் சொல்லிக் கேள். உன் முதல் ஆர்டருக்கு எவ்வளவுதான் வேண்டும்? தூளும் கூலியும் லாரி வாடகையும்தானே? பையரிடம் முப்பது சதவீதம் முன்பணம் கேட்டுப் பார்த்தாயா? கேட்டால் தருகிறவர்கள் உண்டு. அந்தத் தோப்பு அண்ணன் கிணறு வெட்டி நட்டது. உனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. ஒரு கன்டெய்னர் தரம் சரியில்லை என்று திரும்பினாலும் ஆடக்கூடாத இடம் அது. இதில் மட்டும் நீ என்னோடு சண்டை போட்டாலும் சரி, நான் விடமாட்டேன்.

கொழுந்தனாரிடம் முகத்தில் அடித்த மாதிரி சொல்ல வேண்டாம். கரூர்க்காரி சில கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறாள், பதில் வந்ததும் கையெழுத்து என்று சொல். என்மேல் போடு, எனக்கு ஒன்றும் இல்லை. வேறு இரண்டு வங்கியிலும் இதே கேள்விகளைக் கார்த்தியை விட்டுக் கேட்கச் சொல். மூவரும் தரும் கட்டணத் தாளையும், மார்ஜின் எழுதிக் கொடுத்தால் அதையும் போட்டோ எடுத்து அனுப்பு. என் வங்கிக்காரர் எவ்வளவு எடுக்கிறார் என்று நானும் என் சீட்டுகளை எடுத்துவைக்கிறேன், பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

வளைகாப்புக்கு முதல் நாளே வருகிறேன். உன் வீட்டில்தான் தங்கல்.

அன்புடன்,
சுமதி

பி.கு.: அத்தை உன் ஊர்த் தேங்காய் எண்ணெய் கேட்கிறார். இரண்டு லிட்டர் எடுத்துவை, காசு வாங்கிக்கொள்.