தராசில் நின்ற பிள்ளைக்கு

பண்ணைக்காடு

அன்பு மகனுக்கு,

அம்மாவின் ஸ்தோத்திரம். பப்புவா நியூ கினியில் ஊழியத்தில் இருக்கிற நீ எழுதிய கடிதத்தைத் தங்கச்சி போனில் வாசித்துக் காட்டினாள். அப்புறம் நானே கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தேன். அந்தச் சின்ன விமானத்தில் ஏற்றும் முன் மூட்டையைத் தனியாகவும் ஆளைத் தனியாகவும் எடை பார்ப்பார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டாய். 58 கிலோ. இங்கிருந்து கிளம்பும்போது நீ 66. அந்த வரியிலேயே நின்றுவிட்டேன் தம்பி. மிச்சத்தை மறுநாள் காலையில்தான் ஒழுங்காக வாசித்தேன்.

காலையிலும் ராத்திரியிலும் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான், அவர்கள் அதைக் கௌகௌ என்பார்கள் என்று எழுதியிருந்தாய். பக்கத்து வீட்டு அம்மா தணலில் சுட்டு, சாம்பலைத் தட்டி, தோல் கருகிய பக்கத்தை விரலால் உரித்துவிட்டு உன் கையில் வைப்பார்களாமே. அதை வாசித்த பிறகுதான் மனசு கொஞ்சம் ஆறியது. மார்கழிக் குளிரில் காபிப் பழம் பறிக்கப் போகும்போது நானும் உனக்கு அப்படித்தானே உரித்துக் கொடுத்தேன். ஆனாலும் கிழங்கு மட்டும் போதாது. அங்கே நிலக்கடலை கிடைக்கும் என்றாயே, தினமும் ஒரு கைப்பிடி அவித்துத் தின்னு. குழி வெட்டி, பழுக்கக் காய்ந்த கல்லை அடுக்கி, வாழையிலை மூடிப் பன்றிக்கறி வேகவைக்கிற அந்த முமு விருந்துக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போ. பன்றி அவர்களுக்குச் சொத்து மாதிரி. சொத்தை வெட்டி அதில் ஒரு துண்டு உனக்கென்று எடுத்து வைக்கிறார்கள்.

நீ அனுப்பிய படத்தில் ஒரு பெண் நெற்றியில் வாரை மாட்டி, முதுகில் பின்னல் பை தொங்கவிட்டு நடக்கிறாள். அந்தப் பிலும் பைக்குள் குழந்தை தூங்குகிறது என்று தங்கச்சி பெரிதாக்கிக் காட்டியபோதுதான் தெரிந்தது. நம் வீட்டுத் தூளி எழுந்து நடந்து போகிற மாதிரி இருந்தது.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அங்கே பொதுவாகப் பேசுகிற டோக் பிசின் மொழியில் 'யுமி' என்றால் நாம், 'மிபெலா' என்றால் நாங்கள் என்று எழுதியிருந்தாய். இங்கிலீஷ்காரர்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான், அதனால் உன்னோடு படிக்கிறவர்கள் தடுமாறுகிறார்கள், எனக்கு மட்டும் முதல் நாளே பிடிபட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டிருந்தாய். பிடிபடாமல் என்ன, தாய்ப்பாலோடு வந்தது. ஆனால் அதே மாதம் சபைக்கு நீ அனுப்பிய ஜெபக் கடிதத்தில், 'இந்த ஜனங்கள் ஒன்றும் அறியாதவர்கள், நாங்கள் எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது' என்று இருந்தது. ஆலயத்தில் வாசித்தபோது நான் தலை குனிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றும் அறியாதவர்களா? நீ இருக்கும் மலைப்பகுதியில் கூக் என்றொரு சதுப்பு நிலம் இருக்கிறதாம். அங்கே 7,000 வருஷத்துக்கு மேலாக மனிதர்கள் நிலத்தைத் திருத்திப் பயிர் செய்திருக்கிறார்கள், மரக் கருவிகளாலேயே வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள் என்று தங்கச்சி படித்துச் சொன்னாள். யுனெஸ்கோ 2008ல் அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்ததாம். வாழையும் கரும்பும் மனிதர் கைக்குப் பழகிய இடங்களில் அந்தத் தீவும் ஒன்று. பஞ்சாமிர்தத்துக்காகப் பழநிக்கு இறங்குகிற நம் விருப்பாட்சிக் குலையைத் தொடும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த ஜனங்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

அவர்களுக்குச் சொல்ல உன்னிடம் ஒன்று உண்டு. அவர்கள் காபியில் காய்த்துளைப்பான் வந்திருக்கிறது என்றாய். அந்த நாட்டில் அது தென்பட்டது 2017ல். நம் பக்கம் 1990லேயே நீலகிரி கூடலூரில் கண்டுபிடித்தார்கள். அப்பா அசட்டையாக இருந்த ஒரு வருஷம் நம் தோட்டத்துப் பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? நுனியில் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை, பிளந்தால் உள்ளே கடுகைவிடச் சின்னதாகக் கறுப்பு வண்டு. பறிக்கும்போது மரத்தடியில் சாக்கு விரிக்கச் சொல். கிளையில் ஒரு பழம்கூட மிஞ்சக்கூடாது, உதிர்ந்ததையும் பொறுக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த காய்ப்பு வரும்வரை அந்த வண்டு மிஞ்சின பழத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கும். ஓட்டை விழுந்த பழத்தைக் கொதிக்கிற தண்ணீரில் 2, 3 நிமிஷம் போட்டெடுத்து, அப்புறம் காயவைக்க வேண்டும். வெறுமனே சொல்லிவிட்டு வராதே, அவர்களோடு குனிந்து பொறுக்கு. இதைச் சொல்லும்போது யுமி என்று சொல்லலாம். அந்தப் பூச்சி நமக்கும் அவர்களுக்கும் பொதுதானே.

கொடைக்கானலுக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிப்போனபோது பழைய மிஷனரிகளின் கல்லறைகளைக் காட்டினேன். மதுரையில் காய்ச்சல் தாங்காமல் அமெரிக்க மிஷனரிகள் மலையேறி வந்து 1845ல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். ரோடு ஏது அப்போது? பெரியகுளம் பக்கமிருந்து செங்குத்துப் பாதையில் நாற்காலியோடு தோளில் தூக்கி வந்தது நம் ஜனங்கள். துரைமார் பேரும் அவர்கள் பிள்ளைகள் பேரும் கல்லில் இருக்கிறது. தூக்கியவர்களின் பேரை நான் பார்த்த எந்தக் கல்லிலும் காணவில்லை. அன்றைக்கு நீதான் கேட்டாய், 'அம்மா, தூக்கினவங்க பேரு என்ன?' என்று. உனக்கு எட்டு வயசு.

ஓடுபாதையிலிருந்து உன் மூட்டையை நான்கு மணி நேரம் சுமந்து வந்தான் என்று ஒரு பையனைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவன் பேர் இல்லை. கிழங்கு உரித்துக் கொடுக்கும் அந்த அம்மாவுக்கும் பேர் இல்லை. நான் விடியற்காலை 5 மணிக்கு ஜெபத்துக்கு உட்காரும்போது உங்களுக்குக் காலை ஒன்பதரை. அந்த அம்மா அந்நேரம் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். பேர் சொல்லி ஜெபிக்க வேண்டும், எழுதி அனுப்பு.

இங்கே பூ மழை நேரத்துக்கு விழுந்துவிட்டது. காடு முழுக்கக் காபிப் பூ வாசம். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தங்கச்சி படம் பிடித்து அனுப்புவாள், நீ சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறும்போது பார்.

அடுத்த தடவை தராசில் ஏற்றினால் அந்த எண்ணையும் மறைக்காமல் எழுது.

உன் அம்மா