எதிரே நின்ற கண்ணாடி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். வேலை விட்டு வந்தால் பேச ஆளில்லை என்று போன கடிதத்தில் புலம்பியிருந்தேன், இல்லையா? இப்போது வாரத்தில் மூன்று நாள் மாலையில் நாடகப் பள்ளிக்குப் போகிறேன்.

பள்ளி என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதே. அக்கம்பக்கத்தில் சிலர் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடிக்க ஆள் வந்தது, விளக்கு போடவும் மேடைக்குப் பின்னால் பார்த்துக்கொள்ளவும் யாரும் வரவில்லை. சரி, நாமே கற்றுக்கொடுப்போம் என்று சமூகக்கூடத்தில் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்தார்கள். முதலில் கற்றவர்களே அடுத்து வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, இன்று நடிப்பு, ஒளி, மேடை நிர்வாகம் என்று வளர்ந்திருக்கிறது. சேருவதற்குத் தேர்வு கிடையாது. இருந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பேன்.

முதல் நாள் அவர்கள் பேசியது பாதி புரியவில்லை. ஆசிரியை என்னை ஒரு பெரியவர் எதிரே நிறுத்தி, அவருடைய கண்ணாடி பிம்பமாக இருக்கச் சொன்னார். அவர் கையை உயர்த்தினால் நானும் உயர்த்தினேன், அவர் முகம் கழுவினால் நானும் கழுவினேன். கொஞ்ச நேரத்தில் யார் ஆரம்பிக்கிறார், யார் தொடர்கிறார் என்று எங்களுக்கே தெரியவில்லை. இப்படி விளையாட்டையே நடிப்புப் பயிற்சியாக்கியவர் வயோலா ஸ்போலின். 1930-களின் கடைசியில் சிகாகோவில், பல நாடுகளிலிருந்து குடியேறியவர்களோடு வேலை செய்தபோது, எல்லோருக்கும் எளிதில் பிடிபடுகிற முறை வேண்டுமென்று இந்த வழிக்கு வந்தாராம். ஆசிரியை அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, அக்கா.

அப்புறம் மேடை நிர்வாகத்தில் சேர்ந்தேன். கதவு எங்கே, சுவர் எங்கே, படி எங்கே என்று அளந்து ஒத்திகை அறைத் தரையில் கலர் டேப் ஒட்டவேண்டும். போன மாதம் நாடகத்தன்று இருட்டில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "லைட் 14, ஸ்டாண்ட்பை" என்றேன், பதினாலாவது விளக்கு மாற்றத்துக்குத் தயாராக இருங்கள் என்று அர்த்தம். விளக்குக்காரர் பதில் கொடுத்தார். நடிகர் ஜன்னலைத் திறக்கும் வரை காத்திருந்து "கோ" என்றேன். மேடையில் பொழுது விடிந்தது! அந்த ஒரு சொல்லை ஹெட்செட்டில் வேறெதற்கும் சொல்லக்கூடாது, உடனே விசையை அழுத்திவிடுவார்கள்.

இந்த வாரம் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். இன்னும் வாய் திறக்கவில்லை, மூலையில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வியாழக்கிழமை அவளுக்கு எதிரே கண்ணாடியாக நிற்கப்போவது நான்தான்.

பதில் எழுது.

அன்புடன்,
உன் தங்கை