செல் உயிரோடு இருந்தால்தான் மரபணுவுக்கு வேலை: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். என் தங்கைக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, விழித்திரைச் செல்கள் மெல்ல மடியும் மரபணு நோய். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. மரபணு சிகிச்சை ஆய்வுக்கு நிதி ஒதுக்கும்போது, விழித்திரைச் செல்களைச் சாகவிடாமல் தடுக்கும் ஆய்வையும் அதனுடன் சேர்த்தே நடத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த லக்ஸ்டர்னா என்ற மரபணு சிகிச்சை மருந்து, பார்வைக்குத் தேவையான ஆர்பிஇ65 மரபணு பழுதானவர்களுக்கு அதன் நல்ல பிரதியை ஏஏவி என்ற வைரஸில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் சேர்க்கிறது. மங்கிய வெளிச்சத்தில் தடுமாறியவர்கள் நடமாடினார்கள். பெரிய சாதனை அது. ஆனால் அதே மரபணுவை வேறொரு பரிசோதனையில் பெற்றவர்களைப் பற்றி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆர்டர் சிடசியான் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு என்னைத் தூங்கவிடவில்லை. பார்வை கூடியிருந்தது, ஒளி உணர் செல்களோ தொடர்ந்து மடிந்துகொண்டிருந்தன. நாய்களில், சிதைவு தொடங்கும் முன் கொடுத்த சிகிச்சை செல்களைக் காத்தது. தொடங்கிய பின் கொடுத்தது காக்கவில்லை.

நம் ஊரில் யார் முன்கூட்டியே வருகிறார்கள்? மாலைக்கண் என்று கீரையும் மீன் எண்ணெயும் கொடுப்பதிலேயே வருடங்கள் போகின்றன. மரபணுப் பரிசோதனை அதற்கும் பிறகுதான்.

மிச்சிகன் பல்கலைக்கழகக் கண் ஆய்வாளர்கள் 2012இலேயே ஒரு வழி காட்டினார்கள். செல்லை உள்ளிருந்து அழிக்கும் கேஸ்பேஸ் நொதிகளை அடக்கும் புரதம் எக்ஸ்ஐஏபி. பிடிஇ6பி என்ற மரபணு பழுதாகி விழித்திரை சிதையும் எலிகளுக்கு, அந்த மரபணுவின் நல்ல பிரதியோடு எக்ஸ்ஐஏபி மரபணுவையும் வைரஸ் வழியே கொடுத்தபோது பலன் கூடியது. சிகிச்சைக்கான கால அவகாசமும் நீண்டது. தாமதமாக வரும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்த அவகாசம்தான் எல்லாமே.

இதில் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். சாக வேண்டிய செல் சாகாமல் பெருகினால் புற்றுநோய். ஒளி உணர் செல்கள் பிரிந்து பெருகுவதில்லை என்பது ஆறுதல். ஆனாலும் வைரஸ் பக்கத்துச் செல்களுக்குள்ளும் நுழையக்கூடும் என்பதால் நீண்டகாலக் கண்காணிப்பு கட்டாயம்.

2019இல் நீங்கள் வெளியிட்ட மரபணு சிகிச்சை வழிகாட்டு நெறிமுறைகளில் இத்தகைய கூட்டுச் சிகிச்சைக்குத் தனிப் பகுதி சேருங்கள். விழித்திரை மரபணு சிகிச்சைப் பரிசோதனை எதுவானாலும், பார்வையை அளப்பதோடு நிறுத்தாமல், விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் வழியே ஒளி உணர் செல் அடுக்கின் தடிமனையும் ஆண்டுதோறும் அளந்து வெளியிட வேண்டும் என்று விதியுங்கள்.

இப்படிக்கு,
விழித்திரை நோயாளி ஒருவரின் அண்ணன்