ஹேஸ்டிங்ஸ் மேயரைப் பற்றி அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலம்தானே? சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது, "உங்கள் ஊரில் மேயர் என்னதான் செய்கிறார்?" என்று கேட்டீர்கள். பணிக்குக் கிளம்பும் நேரமாகிவிட்டதால் அரைகுறையாகப் பதில் சொன்னேன். நாகை நகராட்சியில் அத்தனை ஆண்டுகள் பணியாற்றிய உங்களுக்கு அந்தப் பதில் போதாது என்பதால் இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊரான ஹேஸ்டிங்ஸின் நகர்மன்றத்தில் 32 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கூட்டத்தில் அவர்கள் தங்களுள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் ஓராண்டுதான். நம் ஊரிலும் மேயரையும் நகர்மன்றத் தலைவரையும் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்றாலும், இங்கே அதிகாரம் மேயரிடம் இல்லை. நிர்வாகப் பொறுப்பெல்லாம் மன்றத்தின் அரசியல் தலைவருடையது. குப்பை அகற்றுவதையும் பூங்காக்களையும் வீட்டு வசதியையும் நகர்மன்றம் கவனித்துக்கொள்ள, சாலைகளும் பள்ளிகளும் முதியோர் பராமரிப்பும் நம் மாவட்டம் போன்ற கிழக்கு சசெக்ஸ் கவுண்டியின் மன்றத்தின் கையில் இருக்கின்றன. மேயர் மன்றக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவார். ஒரு தீர்மானத்துக்கு வாக்குகள் சமமாக விழுந்தால் தீர்ப்பு வாக்கு அவருடையது. மற்றபடி அவருடைய வேலை ஊருக்குள் போவதும், மக்களைச் சந்திப்பதும், அவர்கள் செய்யும் காரியங்களுக்கு ஊரின் சார்பில் நேரில் வந்து நிற்பதும்தான். இதை முதன்முதலில் கேட்டபோது, இதற்கு ஒரு பதவி எதற்கு என்றே எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் மாறியதற்குக் காரணம், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி.

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டிக்கு நூறு வயது நிறைந்தது. இந்நாட்டில் நூறு வயது நிறைவோருக்கு அரசரிடமிருந்து வாழ்த்து அட்டை வரும் வழக்கம் உண்டு. அது தபாலில் வந்துவிட்டது. மேயரை நாங்கள் தனியாக அழைத்திருந்தோம். அதற்காக நிரப்பித் தந்த படிவத்தில், நிகழ்ச்சி எது, யார் வரவேற்பார்கள், மேயர் பேச வேண்டுமா, கார் நிறுத்த இடம் உண்டா என்றெல்லாம் எழுத வேண்டியிருந்தது. மேயர் குறித்த நேரத்துக்கு வந்தார். வாசலில் இருந்த சமையல் பணியாளரிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் கைகுலுக்கிப் பேசிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். பாட்டியின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் தாழ்வான ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், கழுத்தில் இருந்த பதவிச் சங்கிலியின் பதக்கம் முன்னால் தொங்கியது. பாட்டி அதைக் கையில் ஏந்தி, கண்ணுக்கு அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். மேயர் அசையாமல், பாட்டி பார்த்து முடிக்கும்வரை குனிந்தபடியே இருந்தார். பிறகு பாட்டி போர்க்காலக் கதையைச் சொல்லத் தொடங்கினார். 1940-இல் எதிரிகள் கரையிறங்கிவிடக் கூடாது என்று கடற்கரை முழுவதும் முள்வேலி போட்டதையும், கடலுக்குள் நீளும் மரப்பாலத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுத்ததையும், பள்ளிப் பிள்ளைகளை ரயிலில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பியதையும் அவர் சொல்லச் சொல்ல, மேயர் இடையிடையே கேள்வி கேட்டாரே தவிர, ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் நாள்தோறும் பாட்டிக்கு மாத்திரை கொடுக்கிறோம், குளிப்பாட்டுகிறோம். அந்தக் கதையை யாரும் அதுவரை கேட்டதில்லை. அன்றிலிருந்து மேயர் எங்கெல்லாம் போகிறார் என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

இந்த ஊரில் துறைமுகம் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கிய அலைதடுப்புச் சுவர் பாதியில் நின்றுவிட்டது. அதனால் மீன்பிடிப் படகுகளைக் கூழாங்கல் கரையிலிருந்தே கடலில் இறக்குகிறார்கள். நம் குப்பங்களில் டிராக்டர் வைத்து ஃபைபர் படகை இழுப்பதுபோல இங்கே புல்டோசரை வைத்துத் தள்ளுகிறார்கள். இப்படிக் கரையிலிருந்து இறங்கும் படகுக் கூட்டங்களில் ஐரோப்பாவிலேயே பெரியது இதுதான் என்று பெருமையாகச் சொல்வார்கள். கரையோரம் வலைகளை வைக்க, கறுப்புச் சாயம் பூசிய ஒல்லியான, உயரமான மரக் கொட்டகைகள் வரிசையாக நிற்கும். வசந்த காலத்தில் அங்கே கடலை ஆசீர்வதிக்கும் வழிபாடு ஒன்று நடக்கிறது. பாதிரியார்களும் மீனவர்களும் உயிர்காப்புப் படகுக் குழுவினரும் மேயரும் கூடும் அந்த இடத்தில், கடலில் உயிர்விட்டவர்களை நினைத்துச் செய்யும் பிரார்த்தனையைக் கேட்டபோது, சுனாமி நினைவு நாளான டிசம்பர் 26 அன்று நம் ஊர்க் கடற்கரையில் பால் ஊற்றி நிற்பவர்கள்தான் என் கண்முன் வந்தார்கள்.

அக்டோபர் 14 அன்றுதான் 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போர் நடந்தது. அதையொட்டி ஒரு வாரம் ஊர் முழுவதும் விழாக்கள் நடக்கும். அது முடிந்ததும் நவம்பரில் போரில் இறந்தோர் நினைவு நாள் வரும். அலெக்சாண்ட்ரா பூங்காவில் இருக்கும் நினைவுச் சின்னத்துக்கு முன் மலர்வளையங்கள் வைப்பார்கள். பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் அத்தனை பேரும் மௌனமாக நிற்பார்கள். பள்ளி விழா, புதுக் கடை திறப்பு, தொண்டு நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டம் போன்றவற்றுக்குக் கணக்கில்லை. மேயர் வர முடியாத இடத்துக்குத் துணை மேயர் போவார். மேயர் ஒவ்வோர் ஆண்டும் சில அறப்பணிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்கு நிதி திரட்டித் தருவதும் வழக்கம்.

இதையெல்லாம் வீண் ஆடம்பரம் என்று சொல்பவர்களும் இங்கே இருக்கிறார்கள், அப்பா. அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. தென்கிழக்கு இங்கிலாந்தில் வறுமை மிகுந்த ஊர்களுள் ஹேஸ்டிங்ஸும் ஒன்று. வாடகை உயர்ந்து வீடிழந்த குடும்பங்களைத் தற்காலிகமாகத் தங்க வைக்கும் செலவே நகர்மன்றத்தின் வரவுசெலவுத் திட்டத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவிலேயே உணவு வங்கிக்குப் போய் வருபவர்களைப் பார்க்கிறேன். சங்கிலி அணிந்து வரும் ஒருவரால் இவர்களுக்கு வீடு கொடுக்க முடியாது. ஆனாலும் உணவு வங்கியில் சம்பளமில்லாமல் டின்களை அடுக்கும் பெண்ணிடம் மேயர் ஒரு மணி நேரம் நின்று பேசும்போது, தன் உழைப்பை ஊர் பார்க்கிறது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது. அதிகாரம் இல்லாத மேயரிடம் யாரும் காரியம் சாதிக்க வருவதில்லை. பட்டாவுக்கும் ஒப்பந்தத்துக்கும் அவரைச் சூழ்ந்துகொள்ள வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அதனால்தான் அவரால் எல்லாக் கட்சிக்காரர்களுடனும், எந்தக் கட்சியும் இல்லாதவர்களுடனும் ஒரே மாதிரி உட்கார்ந்து பேச முடிகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது இதற்கும் ஒரு மாற்றம் வரப்போகிறது. சசெக்ஸிலுள்ள சிறு மன்றங்களை ஒன்றாக இணைக்கவும், சசெக்ஸ் முழுவதற்கும் மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும், உண்மையான அதிகாரமுள்ள ஒரு மேயரைக் கொண்டுவரவும் அரசு திட்டமிட்டிருக்கிறது. போக்குவரத்துக்கும் வீட்டு வசதிக்கும் அது நல்லதாக இருக்கலாம். ஆனால் அவ்வளவு பெரிய பரப்பை ஆளும் ஒருவர் ஒரு முதியோர் இல்லத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கதை கேட்க நேரம் ஒதுக்குவாரா என்று எங்கள் இல்லத்துப் பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். ஹேஸ்டிங்ஸுக்கென்று இருக்கும் இந்த மேயர் பதவியை ஏதாவது ஒரு வடிவில் காப்பாற்றியே தீர வேண்டும் என்பதுதான் என் எண்ணமும்.

நகர்மன்றக் கூட்டங்களைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். அடுத்த மே மாதம் புதிய மேயர் பொறுப்பேற்கும் கூட்டத்துக்குப் போக விடுப்புக் கேட்டிருக்கிறேன். மன்றத்தின் செங்கோலை முன்னால் எடுத்து வருபவர் யார், பழைய மேயர் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கும்போது என்ன சொல்கிறார் என்பதையெல்லாம் பார்த்து எழுதுகிறேன். உங்கள் காலத்தில் நம் நகர்மன்றக் கூட்டம் எப்படி நடந்தது, நிகழ்ச்சிக் குறிப்பை யார் வாசிப்பார்கள் என்பதை நீங்களும் எனக்கு எழுதி அனுப்புங்கள். இங்கே ஒரு பெரியவர் என்னிடம் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்