நடை தளர்வதைக் கவனியுங்கள்

ஐயா,

72 வயதான என் தாயார் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்ற முடியாமல் இறக்கி வைத்ததையும், அவரது ரவிக்கை தோளில் தொளதொளத்துப் போனதையும் 'வயசாயிடுச்சு' என்றே விட்டுவிட்டோம். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் அவை முன்னறிகுறிகள் என்று புரிந்தது.

காரணமின்றி ஓராண்டில் எடை 5 சதவீதம் குறைவது, கைப்பிடி வலுவிழப்பது, நடை மெதுவாவது, தீராத களைப்பு, நடமாட்டம் சுருங்குவது ஆகிய ஐந்தில் மூன்று இருந்தாலே உடல் நலிவு என்பது 2001 முதல் மருத்துவர்கள் பின்பற்றும் வரையறை. நீரிழிவும் தனிமையும் இதை விரைவுபடுத்தும். இரவு இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளும் முதியவருக்குப் புரதமும் போதாது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்ப்பவர்கள், முதியவர் 4 மீட்டர் நடக்க 5 விநாடிக்கு மேல் ஆகிறதா என்றும் பார்க்க அரசு ஆவன செய்ய வேண்டும்.

– வாசகர், தஞ்சாவூர்