வற்றிய கிணறு எந்தக் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆற்று வடிநிலத்தில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருப்பதாகச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீர்த் தேவை ஏறிக்கொண்டே போகும் நேரத்தில் நல்ல செய்திதான். ஆனால் பல வருடம் கிணறு கிணறாகப் போய் மட்டம் அளந்தவன் என்பதால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்தச் சராசரியில் எத்தனை கிணறுகள்? போன வருடமும் அதே கிணறுகள்தானா?

ஒரு சின்னக் கணக்கு. ஐந்து கண்காணிப்புக் கிணறுகளில் 8, 10, 12, 15, 25 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். சராசரி 14. அடுத்த வருடம் அந்த 25 மீட்டர் கிணறு வற்றிவிட்டது. மற்ற நான்கிலும் ஒவ்வொரு மீட்டர் இறங்கி 9, 11, 13, 16. வற்றிய கிணற்றுக்கு எதிரே பதிவேட்டில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டு மீதி நான்கைக் கூட்டி வகுத்தால் 12.25 வரும். ஒரு கிணற்றில்கூட தண்ணீர் ஏறவில்லை. காகிதத்தில் மட்டும் 1.75 மீட்டர் ஏறிவிட்டது. இதில் யாரும் பொய் எழுதவில்லை என்பதுதான் வேடிக்கை. நானே அப்படிக் கோடு போட்டிருக்கிறேன். ‘வற்றியது’ என்று எழுதி, கிணற்றின் அடி ஆழத்தையும் பக்கத்தில் குறித்திருந்தால், தண்ணீர் அதற்கும் கீழே போய்விட்டது என்பதாவது தெரிந்திருக்கும்.

அளக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எஃகு நாடாவின் நுனிப் பக்கம் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே இறக்குவோம். தண்ணீர் பட்ட இடம் வரை சாக்பீஸ் நிறம் மாறியிருக்கும். கிணற்று விளிம்பில் பெயிண்ட் குறிக்கு நேராக நாடா காட்டும் அளவிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் ஆழம். வேலை அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் மோட்டார் ஓடினால் அந்த அளவு செல்லாது. நிறுத்தச் சொல்லிக் காத்திருந்து மறுபடி இறக்கினால் மட்டம் ஏறியிருக்கும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இன்னும் ஏறும். எதை எழுதுவது? தேவை கூடக்கூட மோட்டார் ஓயும் நேரமும் குறைகிறது. அதனால்தான் யாரும் இறைக்காத, அளப்பதற்கென்றே விட்ட கிணறு வேண்டும் என்கிறோம். 2002-இல் ஏவிய கிரேஸ் செயற்கைக்கோள்கள் நிலத்தடி நீர் குறைவதை வானிலிருந்தே காட்டின, சரி. ஆனால் அவை பார்த்தது சில நூறு கிலோமீட்டர் அகலத்தை மொத்தமாக. எந்தக் கிணறு என்று கேட்டால் நாடாவைத்தான் இறக்க வேண்டும்.

மட்டம் இறங்காமல் நின்றாலும் நிம்மதியடைய முடியாது. மழையில்லாத மாதங்களில் பல ஆறுகளில் ஓடுவதே நிலத்துக்குள்ளிருந்து கசிந்து வரும் நீர்தான். கிணறு இறைக்கும் தண்ணீர் முதலில் நிலத்தின் இருப்பிலிருந்தும், போகப்போக ஆற்றுக்கும் ஊற்றுக்கும் போக வேண்டிய பங்கிலிருந்தும் வரும் என்று அமெரிக்க நீரியலாளர் சார்லஸ் தைஸ் 1940-லேயே விளக்கிவிட்டார். ஆற்றோரக் கிணற்றில் மட்டம் அசையாமல் நிற்கும், ஆறு மெலிந்துகொண்டே போகும். கட்டுரையில் ஆற்றின் நீரோட்டம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்த முறை இப்படி ஒரு சராசரியை வெளியிடும்போது எத்தனை கிணறுகள், எந்த மாதத்து அளவு, போன வருடம் இருந்து இந்த வருடம் பட்டியலில் இல்லாமல் போனவை எத்தனை என்பதையும் சேர்த்துப் போடுங்கள். நான்கு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்