மோடத்தின் கடிகாரத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் பள்ளிகளுக்கு விடுமுறை விடுகிறார்கள். பிள்ளைகள் பகல் முழுக்க வீட்டு வைஃபையில் இருக்கிறார்கள், இரவிலும் அது தொடர்கிறது. ஃபைபர் இணைப்பு கொடுக்கப் போகும் எங்களிடம் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “ராத்திரி பத்து மணிக்கு மேல் பையன் ஃபோனுக்கு மட்டும் நெட் நிற்கிற மாதிரி வைத்துத் தர முடியுமா?” முடியும். இப்போதைய மோடங்களில் பெரும்பாலானவற்றில் ‘பேரன்ட்டல் கன்ட்ரோல்’ என்று ஒரு பக்கம் உண்டு. ஆனால் வைத்த கட்டுப்பாடு சில வாரங்களில் குளறுபடியாகிறது. பையன் ஏதோ செய்துவிட்டான் என்று வீட்டில் சண்டை. பல வீடுகளில் பையன் ஒன்றுமே செய்திருக்க மாட்டான்.

சாதாரண மோடத்துக்குள் கடிகார பேட்டரி கிடையாது. கரன்ட் போய் வந்தால் நேரம் அழிந்துவிடும். இணையத்திடம் கேட்டுத்தான் சரிசெய்துகொள்ளும். அப்படிக் கேட்கும் ‘என்டிபி’ வசதி அணைந்திருந்தால் பழைய ஏதோ ஒரு தேதியிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். காற்றுக்கு மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்துவிழும் ஊரில் இது அடிக்கடி நடக்கும். அடுத்தது டைம் ஜோன். பெட்டி கிரீன்விச் நேரத்தில் இருந்தால் இரவு 10 மணிக்கு வைத்த தடை நம் அதிகாலை 3.30-க்குத்தான் தொடங்கும். சீன நேரத்தில் இருந்தாலோ மாலை 7.30-க்கே, வீட்டுப்பாடம் நடக்கும்போதே, நெட் நின்றுவிடும். ஆகவே பிரவுசரில் 192.168.1.1 அல்லது பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை இட்டு மோடத்தின் அமைப்புக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது நேரப் பக்கம்: என்டிபி ஆன், டைம் ஜோன் +5.30. மோடத்துக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வைத்தால் சின்ன மின்தடைகளில் பெட்டி அணையாது. அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் பார்த்து வாங்குங்கள். இடி இடிக்கும்போது அதையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

அடுத்த சிக்கல் ஃபோனில் இருக்கிறது. மோடம் ஒவ்வொரு கருவியையும் அதன் மேக் எண்ணை, அதாவது கருவிக்கென்றே உள்ள அடையாள எண்ணை, வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஆண்ட்ராய்டு 10, ஐஃபோனில் ஐஓஎஸ் 14 முதல், ஃபோன்கள் உண்மையான எண்ணை மறைத்து வேறு எண்ணைக் காட்டுகின்றன. வைஃபை செட்டிங்கில் இந்த மறைப்புக்கான பட்டனை மாற்றினால் போதும், மோடத்துக்கு அது புது ஃபோன், தடை பொருந்தாது. இதைத் துரத்திக்கொண்டு ஓடுவதைவிட, பிள்ளைகளுக்கென்று தனி வைஃபை பெயர் ஒன்றைத் திறந்து, நேரக்கட்டை அந்தப் பெயருக்கே போட்டுவிடுவது மேல் என்பது எங்கள் கருத்து. எந்த எண்ணில் வந்தாலும் அந்தப் பெயர் 10 மணிக்கு அணைந்துவிடும்.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. அந்தத் தனிப் பெயரை ‘கெஸ்ட்’ (விருந்தினர்) வகையில் திறந்தால், அதில் இருக்கும் கருவிக்கு வீட்டு பிரின்டர் தெரியாது. புராஜெக்ட் அச்சிடும் நாளில்தான் இது நினைவுக்கு வரும். பிரதான பெயரின் பாஸ்வேர்டு பெற்றோர் ஃபோனில் இருக்கிறது. அந்த ஃபோனின் பூட்டைத் திறக்கும் எண் பிள்ளைக்குத் தெரிந்தால் ‘ஷேர்’ பட்டனை அழுத்தி க்யூஆர் கோடாகவே எடுத்துவிடலாம். பெட்டியின் பின்புறச் சிறு துளையில் குண்டூசியைப் பத்து விநாடி போல அழுத்தினால் எல்லா அமைப்பும் அழிந்து தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். இதைத் தடுக்க வழியில்லை, கண்டுபிடிக்கலாம்: வைஃபை பெயர் ஸ்டிக்கரில் உள்ள பழைய பெயருக்கு மாறியிருக்கும். மோடத்தின் அமைப்புக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு இன்னும் ‘அட்மின்’ என்றே இருந்தால் குண்டூசிகூடத் தேவையில்லை.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டின் ஓர் அறையைச் சுற்றுலா வருவோருக்கு விடுகிறவர்கள் அந்த விருந்தினருக்கும் இதே பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுகிறார்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு இணைப்பை இரண்டு மூன்று வீடுகள் பங்கிடுவதும் உண்டு. யார் எதைச் செய்தாலும் விசாரணை முதலில் வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான். வெளியாருக்கு மூன்றாவதாக ஒரு பெயர் திறந்து, அறையில் ஆள் மாறும்போது அதன் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுங்கள். வைஃபை பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும், பாஸ்வேர்டு இல்லாமல் பட்டன் அல்லது எண்ணால் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வேண்டாம்.

ஆபாசத் தளங்களை வடிகட்ட தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். மோடத்தில் அந்த இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்று இடுங்கள்; கிளவுட்ஃபிளேர் நிறுவனம் குடும்பங்களுக்கென இலவசமாக நடத்துவது. ஐபி வி6 என்ற புதிய முகவரி முறையும் இயங்கினால் அங்கும் 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 என்று இட வேண்டும், இல்லையென்றால் பாதிக் கதவு திறந்தே கிடக்கும். பிறகு எல்லாக் கருவிகளையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இது தளத்தின் பெயரைப் பார்த்து மட்டுமே மறிக்கும். யூடியூபுக்குள் எந்த வீடியோ, இன்ஸ்டாகிராமில் யாருடன் பேச்சு என்பதெல்லாம் இதற்குத் தெரியாது. வேறொரு சர்வர் வழியாக இணையத்தைத் திருப்பிவிடும் விபிஎன் ஆப் போட்டாலோ, பிரவுசரில் வேறு டிஎன்எஸ் வைத்தாலோ தாண்டிவிடலாம். பிள்ளையின் ஃபோனில் சிம் டேட்டா இருந்தால் மோடத்தில் செய்த எதுவும் அதைத் தொடாது. ஆகவே டேட்டா பேக் எவ்வளவு என்பதும் வீட்டில் பேசி முடிவாக வேண்டிய விஷயம்.

பிள்ளைக்குத் தெரியாமல் உளவு ஆப் போட்டுத் தரச் சொல்கிறவர்களுக்கு நாங்கள் மறுத்துவிடுகிறோம். அந்த ஆப்கள் பிள்ளையின் படங்களையும் உரையாடல்களையும் முகம் தெரியாத ஒரு கம்பெனிக்கு அனுப்புகின்றன. பிள்ளை கண்டுபிடிக்கும் நாளில் வீட்டில் பேச்சே நின்றுவிடும். நேரக்கட்டு எத்தனை மணிக்கு என்பதை அவர்களிடமே சொல்லி வையுங்கள், பரீட்சைக் காலத்தில் தளர்த்துங்கள். படத்தைக் காட்டி யாராவது மிரட்டினால், பயந்து எதையும் அழிக்காமல் உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930, குழந்தைகளுக்கான உதவி 1098.

மாவட்டத்தில் உள்ள இணைப்பு ஆபரேட்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். சில பெட்டிகளில் வாடிக்கையாளர் கணக்கில் நுழைந்தால் டிஎன்எஸ் பக்கமே தெரிவதில்லை; நிறுவனத்தின் கணக்கில்தான் திறக்கிறது. இணைப்பு கொடுக்கும் அன்றே டைம் ஜோனைச் சரிசெய்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றி வீட்டுக்காரர் கையில் எழுதிக் கொடுத்து, பிள்ளைகளுக்கான பெயரையும் திறந்து வைத்துவிடலாம். கால் மணி நேர வேலை. இன்ஸ்டலேஷன் படிவத்தில் இதற்கென ஒரு கட்டமும் வீட்டுக்காரர் கையெழுத்தும் சேர்த்தால், செய்யாமல் போக முடியாது.

ஃபைபர் இணைப்புப் பணியாளர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.